கண்ணாடிச் சிறை என்னும் சோம்பேறிப் படிமம்

சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து என் வீட்டுக்கு வந்த கவிஞர் நண்பர், கூடத்தில் இருந்த மீன்தொட்டியைக் கண்டதும் முகம் சுளித்தார். "விடுதலையைப் பற்றி வகுப்பெடுக்கிற நீங்கள் வீட்டுக்குள் ஒரு சிறைச்சாலை நடத்துகிறீர்களே!" என்றார். உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். தேநீர் குடித்து விடைபெறும்வரை அவர் ஒருமுறைகூடத் தொட்டியின் அருகில் சென்று மீன்களைப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

தொட்டிமீன் என்றால் சிறை, கண்ணாடி என்றால் நகரவாழ்வு. இச்சமன்பாடு நம்மவர்களுக்கு மனப்பாடம். கல்லூரிச் சிறுகதைப் போட்டிகளுக்கு நடுவராக இருந்த ஆண்டுகளில், இறுதிப் பத்தியில் ஒரு சிறுவன் மீனை ஏரியில் விட்டுவிட்டுக் கண்ணீர் மல்க நிற்கும் கதையை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. என் குற்றச்சாட்டு எளிமையானது. இந்தப் படிமத்தைக் கையாள்பவர்கள் மீனைப் பார்ப்பதில்லை. அதனாலேயே மீனுக்கு உண்மையில் இழைக்கப்படும் கொடுமையும் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

அக்கொடுமையை இழைத்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். முதன்முதலில் தொட்டி வைத்தபோது காலையில் நீர் நிரப்பி மாலையில் பன்னிரண்டு மீன்களை விட்டேன். நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது. பத்து நாட்களில் ஒன்பது மீன்கள் செத்தன. மீனின் கழிவு அம்மோனியாவாகும். அதை நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். காரத்தன்மை மிகுந்த நீரில் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் கூடும். இவை எதுவும் எனக்குத் தெரியாது. அந்த ஒன்பது மீன்களைக் கொன்றது கண்ணாடி அன்று, என் அறியாமை. அதைப் பற்றி நம்மில் எவரும் கவிதை எழுதக் காணோம்.

இப்போதிருக்கும் தொட்டி ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 566 லிட்டர். நீரின் எடை மட்டுமே அரை டன்னுக்கு மேல். கண்ணாடியும் பாறைகளும் தனி. ஆகவே தரைத்தளத்தில், சமமான இரும்புத் தாங்கியின்மேல் வைத்தேன். மீன் விடுமுன் ஆறு வாரங்கள் வெறும் நீரையும் பாறையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாள்தோறும் சிறிதளவு மீனுணவைப் போட்டு அழுகவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்குவதைச் சோதித்துக் குறித்தேன். வந்தவர்கள் எல்லாம் "மீன் எங்கே?" என்றார்கள். இன்றும் வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுகிறேன். நூற்று நாற்பது லிட்டர், வாளிகளில். சிறைக்காவலனுக்கு இவ்வளவு முதுகுவலி வருமா என்று நண்பர்தான் சொல்ல வேண்டும்.

இவை ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைப் பூர்வீகமாகக் கொண்ட, 'ம்புனா' எனப்படும் பாறைவாழ் சிக்லிட்டுகள். அந்த ஓர் ஏரியில் பல நூறு சிக்லிட் இனங்கள் உண்டு. பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. கடினமான காரநீர் இவற்றுக்கு உகந்தது. சோப்பு நுரைக்காத எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்று நீர் பொருந்திப்போனது அதனால்தான். ஆண்மீன் ஒரு பாறை இடுக்கைத் தனதாக்கிக்கொண்டு, நெருங்கும் எதனையும் விரட்டும். பெண்மீன் முட்டைகளை வாயில் அடைகாத்து, ஏறத்தாழ மூன்று வாரங்கள் உணவின்றி அலையும். இம்மீன் போராடுவது இடத்துக்காக. நாலைந்து மீன்களை மட்டும் 'தாராளமாக' வாழவிட்டால் வலியது மெலியதைக் கடித்தே கொன்றுவிடும். எண்ணிக்கை கூடினால்தான் வன்மம் பலர்மேல் பரவித் தணியும். நம் விடுதலைப் படிமத்துக்குள் இந்த உண்மை அடங்குமா?

அடுத்து, அந்தச் சிறுவன். ஏரியில் விடுவது கருணை என்று கதை முடிகிறது. ஏரி என்ன சொல்கிறது? நாம் ஜிலேபிக் கெண்டை என்று குழம்பு வைக்கும் மீனும் சிக்லிட் குடும்பமே. மொசாம்பிக் திலாப்பியாவான அது 1952-இல் இலங்கை வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதுவும் வாயில் அடைகாப்பதுதான். இன்று அது பெருகாத குளம் அரிது. நாட்டுமீன்களின் இடத்தையும் இரையையும் பங்குபோட்டுக்கொண்டது. அயல்நீர் மீனை விட்டால் ஒன்று அது சாகும், அல்லது ஏரியில் இருப்பவை சாகும். இரண்டில் எதற்குக் கண்ணீர் மல்குகிறோம்?

மீன்வளர்ப்பு குற்றமற்றது என்று நான் வாதிடவில்லை. என்னுடையவை பண்ணையில் பிறந்தவை என்பது ஒரு சமாதானமே, விடை ஆகாது. ஏரியளவு இடத்தை என்னால் தர முடியாது என்பதும் உண்மை. அந்தக் கேள்வியோடு தொட்டிமுன் வந்து உட்காருபவரிடம் நான் தோற்கவும் தயார். ஆனால் 'சிறை' என்ற ஒற்றைச் சொல் அக்கேள்வியைக் கேட்கவிடாமல் செய்கிறது. அச்சொல்லை உதிர்த்துவிட்டு வீடு திரும்பும் அதே வாசகர், வாஸ்துவுக்காக ஓரடி வளரும் ஃபிளவர்ஹார்னை இரண்டடித் தொட்டியில் திரும்ப இடமின்றி வைத்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். அவருக்குக் கவிதையும் பிடிக்கும், அத்தொட்டியும் உறுத்தாது.

ஒரு பொருளைப் படிமமாக்கும் உரிமை அதை உற்றுப் பார்த்தவனுக்கே உண்டு என்றுதான் வகுப்பறையில் சொல்லிவருகிறேன். கவிஞர் நண்பர் மறுபடியும் வரட்டும். மஞ்சள்நிறப் பெண்மீன் ஒன்று பன்னிரண்டு நாட்களாக வாய் திறக்காமல் பாறையோரம் நிற்கிறது. அரைமணி நேரம் அதைப் பார்த்தபின்னும் அவருக்குச் சிறை என்றே தோன்றினால், எழுதட்டும். அந்தக் கவிதையை நான் படிப்பேன்.