வாளுக்கு வந்த சாதி

ஆவணித் திங்கள் பிறந்தால் எம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் விழாவும் வரும், தடையுத்தரவும் வரும்! ஆகஸ்டு 20, பச்சேரியில் ஒண்டிவீரனுக்கு வீரவணக்கம். செப்டம்பர் 1, நெற்கட்டும்செவலில் பூலித்தேவனுக்குப் பிறந்தநாள். சாலையெங்கும் காவலர். ஏன்? அவ்விருவரும் பகைவரா? இல்லை! கும்பினியை எதிர்த்து ஒரே அணியில் நின்றவர் என்றன்றோ நாட்டார் கதைகள் நவில்கின்றன? கோட்டைக்குள் கூடி நின்றோரை, 250 ஆண்டுகள் கடந்தபின் கூறுபோட்டது எது? வாக்கு வேட்டை! மாலையேந்தி வரும் தலைவர், சாதியின் தலைகளை எண்ணிய பிறகே வீரத்தைப் பாடுகிறார்.

1761இல் அக்கோட்டையைக் கும்பினிக்காக வீழ்த்திய யூசுப்கானும் இம்மண்ணின் மைந்தனே. அவனையே 1764இல் மதுரையில் தூக்கிலிட்டனர். எந்த மேடை இதைச் சொல்கிறது? போலந்து மட்டும் என்ன வாழ்கிறது! 1941இல் யெத்வாப்னே ஊரில் யூதரை எரித்துக் கொன்றதில் அண்டைவீட்டாருக்கே பங்குண்டு. ஆயினும், நாஜிக் குற்றங்களில் போலந்து இனத்துக்குப் பங்குண்டு என்போருக்குச் சிறை என 2018இல் சட்டம் செய்தனர். உலகம் கண்டித்த பிறகே சிறையை நீக்கினர்.

நாம் ஆசிரியர்கள். எம் வகுப்பிலோ மாணவர் மணிக்கட்டில் சாதிநிறக் கயிறு. அவிழ்க்கச் சொன்னால், “எங்கள் வீரனின் நிறம் ஐயா” என்கிறான் சிறுவன். இரு வீரர் பெயரையும் ஒரே நாளில், ஒரே மேடையில் உரைக்கும் துணிவு எந்தத் தலைவருக்கு உண்டு? நாளை அறிவிக்கட்டும், மாணவரை நாமே அழைத்து வருகிறோம்.