ஆதிமூலத்தின் கோடுகளும் நம் இலக்கிய வரலாறும்

வகுப்பில் நான் கையாளும் இலக்கிய வரலாற்று நூல்களில் ஓவியர் கே. எம். ஆதிமூலத்தின் பெயர் இல்லை. ஓவியர்தானே, ஓவிய வரலாற்றில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருக்கலாம். அந்த நினைப்பு சரியல்ல என்பதே என் கருத்து.

1938இல் துறையூர்ப் பகுதியில் பிறந்த ஆதிமூலம், சிற்பி எஸ். தனபாலின் வழிகாட்டுதலில் சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று 1966இல் வெளிவந்தார். மேற்கை நகலெடுக்காமல் நம் மரபிலிருந்தே நவீனத்தைக் கண்டடைய வேண்டும் என்ற தேடல், கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் அங்கே நடந்துகொண்டிருந்த காலம் அது. 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் தீட்டிய கோட்டோவியங்கள் அவரைப் பரவலாக அறியச் செய்தன. நாணயத்திலும் தபால்தலையிலும் பார்த்துச் சலித்த முகம், கறுப்பு மைக்கோடுகளின் பின்னலில் மீண்டும் ஒரு மனிதராயிற்று. பின்னாளில் உருவத்தை விட்டு, எண்ணெய் வண்ணத்தில் அருவ வெளிகளுக்குச் சென்றார்.

ஆனால் தமிழ் வாசகனுக்கு அவர் வந்து சேர்ந்தது அச்சுத்தாளின் வழியே. சிற்றிதழ் அட்டைகள், கவிதை நூல்களின் முகப்புகள், தலைப்பெழுத்துகள் எனப் பலவற்றிலும் அவர் கை இருந்தது. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது, அதனுடன் வந்த அவருடைய சித்திரங்கள் கதைக்குப் பொழிப்புரை சொல்லவில்லை. கரிசல் மண்ணின் சொரசொரப்பைத் தம் வழியில் தனியே பேசின. அவற்றையும் சேர்த்துத்தான் அன்றைய வாசகன் கி.ரா.வைப் படித்தான்.

மெக்சிகோவில் ஹோசே குவாதலூப்பே போசாதா என்றொரு கலைஞர் இருந்தார். மலிவுத் தாள்களுக்குச் செதுக்கோவியங்கள் செய்து, 1913இல் வறுமையில் இறந்தவர். தியேகோ ரிவேரா 1947இல் முடித்த பெருஞ்சுவரோவியம் ஒன்றில், நாட்டு வரலாற்றின் மாந்தர் நடுவே அவரையும் நிறுத்தினார். தாளில் அச்சானது என்பதால் அக்கலை அங்கே சிறியதாகிவிடவில்லை.

இங்கோ, பழைய இதழ்களைப் பைண்டு செய்கையில் அட்டைகளைக் கிழித்தெறியும் நூலகங்கள் உண்டு. மறுபதிப்பில் சித்திரங்கள் மறைகின்றன. சில நூல்களில் அட்டை ஓவியரின் பெயர்கூட இருப்பதில்லை. 2008 ஜனவரியில் ஆதிமூலம் மறைந்தார். அவருடைய வண்ண ஓவியங்களைச் சேகரிப்பாளர்கள் காப்பாற்றிவிடுவார்கள். மட்கும் தாளில் இருக்கும் கோடுகளைக் காக்கும் பொறுப்பு, அந்தத் தாளை வாசித்த நம்முடையது. பழைய சிற்றிதழ் வைத்திருக்கும் நண்பர்கள் அதை நகலெடுக்கும்போது, தயவுசெய்து அட்டையிலிருந்து தொடங்குங்கள்.