யாருடைய தகுதியைச் சோதிப்பது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த ஒரு வாரத்துக்குள் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் மார்க் ஷீட் ஜெராக்ஸோடு என் வீட்டுப் படியேறிவிடுவார். அரசு மருத்துவமனையில் 22 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருப்பவளுக்கு சீட் விஷயமும் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சிஸ்டர், இந்தக் கட் ஆஃபுக்கு கவர்மென்ட் காலேஜ் கெடைக்குமா?"

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் கட் ஆஃப் 200க்குப் போடப்படுகிறது. உயிரியலுக்கு நூறு, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து நூறு. அரசுக் கல்லூரிகளைக் கைவிரல்விட்டு எண்ணிவிடலாம், விண்ணப்பங்களோ மலைபோல் குவிகின்றன. அதனால் அரை மார்க்கில் ஒரு பெண்ணின் நான்கு வருடமும் அவள் அப்பாவின் கடனும் தீர்மானமாகின்றன.

இந்த லட்சணத்தில், இது போதாது, நுழைவுத் தேர்வும் வேண்டும் என்கிறார்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய விதிமுறை 2021இல் வந்தது. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் என்று தலா 20 மதிப்பெண், அதோடு 'செவிலியப் பணிக்கான நாட்டம்' என்று ஒரு 20. நாடு முழுக்க ஒரே மாதிரியான சேர்க்கை முறை வேண்டும் என்று 2023ஆம் வருடச் சட்டமும் சொல்கிறது. தமிழ்நாடு இன்னும் பிளஸ் டூ மார்க்கைத்தான் பார்க்கிறது. அதையும் மாற்றினால்தான் தரம் உயரும் என்று டிவியில் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாட்டத்தை நான்கு விடைகளில் ஒன்றை டிக் அடித்துக் காட்ட முடியும் என்றால், அதற்கும் மறுநாளே கோச்சிங் சென்டர் திறப்பார்கள். நீட் வந்த பிறகு என்ன நடந்தது என்று நம் கண் முன்னாலேயே பார்த்துவிட்டோம். காசு உள்ள வீட்டுப் பெண்ணுக்கு நாட்டம் கூடும், இல்லாத வீட்டுப் பெண்ணுக்குக் குறையும். அவ்வளவுதான்.

"அப்போ கண்டவங்களையும் உள்ள விட்டுடலாமா? உயிர் சமாச்சாரம் ஆச்சே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 500 மில்லி சலைனை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு விட வேண்டும்? இருபத்தொன்று. ராத்திரி இரண்டு மணிக்கு, நாற்பது நோயாளிக்கு நடுவில், இந்தக் கணக்கில் தடுமாறிய 190 கட் ஆஃப் பெண்ணையும் பார்த்திருக்கிறேன். பிசகாமல் போட்ட 150ஐயும் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் அவர்கள் உள்ளே வந்த மார்க்கில் இல்லை. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் இருந்ததா இல்லையா என்பதில்தான்.

அந்த இடத்தை யார் சோதிக்கிறார்கள்? கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை உள்ள மருத்துவமனை வேண்டும், பயிற்சியில் ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி வேண்டும் என்று அதே கவுன்சில்தான் விதி எழுதியிருக்கிறது. எங்கள் வார்டுக்குத் தனியார் கல்லூரி பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளைகளை வந்து பாருங்கள். ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர். முன்னால் நிற்கும் இரண்டு பேருக்குத்தான் நோயாளியின் கை தெரியும். மீதி எட்டுப் பேரும் முன்னால் நிற்பவளின் பின்னலைப் பார்த்துவிட்டு ரெக்கார்ட் நோட்டில் 'செய்தேன்' என்று எழுதிக்கொண்டு போகும். பிள்ளைகள் மேல் தப்பில்லை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் தெரு லோடுமேன் மகளுக்கு அரை மார்க்கில் அரசுக் கல்லூரி போனது. நர்ஸ் ஆக வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறெதையும் சொன்னதில்லை. கவுன்சிலிங் முடிந்த அன்றைக்கு ராத்திரியே புரோக்கர் போன் வந்தது. எப்படி நம்பர் கிடைத்ததோ! தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். இரண்டாம் வருடம் அப்பாவுக்கு முதுகு போனது, ஃபீஸ் நின்றது. படிப்பை விடுகிறேன் என்று போய்க் கேட்டால், "மிச்ச ரெண்டு வருச ஃபீஸையும் கட்டிட்டு ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிக்கம்மா" என்றார்கள். அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இலேயே சொல்லிவிட்டது. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நானே கூடப் போனேன். ஆபீஸில் இருந்தவர் வாங்கிப் படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துத்தான் படிப்பை முடித்தாள். இப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாதம் 12,000 வாங்குகிறாள்.

உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு 20,000க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது 2016இல். அரசு மட்டும் என்ன வாழ்ந்தது? 2015இல் போட்டித் தேர்வு எழுதி வென்ற செவிலியர்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் அமர்த்தினார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தபோது, நோயாளிகளை விட்டுவிட்டு வரலாமா என்று சேவையைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள். ஆக, உள்ளே வர ஒரு போட்டி, வேலைக்கு ஒரு போட்டி, இரண்டிலும் ஜெயித்து வந்தால் 'சேவை'. டாக்டருக்கு யாராவது இப்படிச் சேவையைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பார்களா?

நான் தேர்வே வேண்டாம் என்கிறவள் இல்லை. கல்லூரிக்கு வையுங்கள். ஆஸ்பத்திரி காகிதத்தில் இருக்கிறதா, கட்டிலில் நோயாளி இருக்கிறாரா என்று சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். அரசு இடங்களைக் கூட்டுங்கள். அதைச் செய்யும்வரை பதினெட்டு வயசுப் பிள்ளையின் நாட்டத்தை அளக்க யாருக்கும் யோக்யதை இல்லை.

இந்த ஜூனில் வந்த பெண்ணுக்குக் கட் ஆஃப் 171. "கெடைக்கலன்னா பிரைவேட்ல சேரட்டுமாக்கா?" என்றாள். சேர்வதற்கு முன்னால் கல்லூரியின் சொந்த ஆஸ்பத்திரியைக் காட்டச் சொல், காலை பத்து மணிக்குப் போய் நிரம்பிய கட்டிலை எண்ணு, நான்கு வருட ஃபீஸையும் எழுத்தில் வாங்கு, ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வராதே என்றேன். அவள் அம்மா தயங்கினார். "இதெல்லாம் கேட்டா சீட்டு குடுப்பாங்களா சிஸ்டர்?"

கேட்டதற்காகக் கொடுக்காத இடத்தில் சேரவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். வேறு எந்த இடத்தில் சேர்வது என்று அவர் திரும்பக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.