வழிநூலும் வழிப்படமும்

அடுத்த வீட்டு அடுப்பில் நெருப்பு வாங்கி வந்து தம் வீட்டு அடுப்பை மூட்டுதல் நம் முன்னோர் வழக்கம். கொடுத்தவர் அடுப்பு அதனால் அணைந்ததுமில்லை. வாங்கினவர் ஆக்கிய சோறு அதனால் இழிந்ததுமில்லை. ஆயினும், திரைப்படம் என்று வந்துவிட்டால் நம்மிற் பலர் இவ்வெளிய உண்மையை மறந்துவிடுகின்றனர். "தெலுங்கிலிருந்து எடுத்தது, வங்காளத்திலிருந்து வாங்கியது" என்று ஒரு படத்தைக் குறித்துச் சொல்லிவிட்டால், அதன்மீது தீர்ப்பே வழங்கிவிட்டதாக அவர்கள் கருதுகின்றனர். சென்ற பருவத்தில் நம் கலாசாலைத் தமிழ் மன்றத்தில் நண்பர் ஒருவர் இக்கருத்தை வெகு ஆவேசத்துடன் பேசினார். கரகோஷமும் மிகுதியாக எழுந்தது. அன்று எழுந்து மறுமொழி கூற யாம் துணியவில்லை. அக்குறையை இப்பக்கங்களில் நிறைவு செய்ய விழைகின்றோம்.

தமிழ் பயில்வோர் இவ்வாறு கூறுதல் வியப்பேயாகும். தொல்காப்பியர் நூலை முதல்நூல், வழிநூல் என வகுத்து, வழிநூலுக்குரிய நால்வகை நெறிகளுள் மொழிபெயர்த்தலையும் ஒன்றாக வைத்தார். நன்னூலாரோ, வழிநூல் செய்வோன் முன்னோர் முடிபோடு ஒத்து நின்றே தான் வேண்டும் விகற்பங்களையும் கூறலாம் என உரிமை வழங்கினார். அவ்வுரிமை கொண்டன்றோ கம்பர் வான்மீகியின் கதையைத் தமிழுக்கு உரியதாக்கினார்? கொங்குவேளிர் பிருகத்கதையின் வழியிற் பெருங்கதை பாடியதும் அம்முறையிலேயாம். ஆங்கில நாட்டு ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட உருவகக் கதை, எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் கையில் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியமாகி 1894-இல் வெளிவந்தது. அதனைப் பயிலும் நமக்கு இஃது இரவல் நூல் என்னும் எண்ணம் எழுவதுண்டோ? காப்பியத்திற்கு ஒரு நீதி, படத்திற்கு வேறொரு நீதியா?

இனி, 1956-இல் பி. புல்லையாவின் இயக்கத்தில் வெளிவந்த பெண்ணின் பெருமை என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். முந்திய ஆண்டில் அவரே தெலுங்கில் இயக்கிய அர்த்தாங்கி இதற்கு முதல். அதற்கும் முதல், மணிலால் பானர்ஜி வங்காளத்தில் எழுதிய ஸ்வயம்சித்தா என்னும் நாவல். பின்னர் 1963-இல் இக்கதை ஹிந்தியிற் பஹுராணி ஆயிற்று.

கதை இது: ஒரு ஜமீன்தாருக்கு இரு மைந்தர். தாயை இழந்த மூத்தவன், தன்னை வளர்த்த ஆயா ஊட்டிய அபினால் அறிவு மழுங்கி, வளர்ந்தும் குழந்தையாகவே இருக்கின்றான். இரண்டாம் மனைவி பெற்ற இளையவனோ செல்லத்தாற் கெட்டுக் குடிகளை வருத்தித் திரிகின்றான். அவனை எதிர்த்து நின்ற ஒரு சிற்றூர்ப் பெண்ணின் துணிவைக் கண்ட ஜமீன்தார், அவளே தம் மருமகளாதல் வேண்டுமென விரும்புகின்றார். தன் மகனை அவமதித்தவள் என்று சினங்கொண்ட சிற்றன்னை, அவளைப் பேதையான மூத்தவனுக்கு மனைவியாக்குகின்றாள். தண்டனையாக வந்த இல்வாழ்க்கையை அப்பெண் பள்ளிக்கூடமாக மாற்றிவிடுகின்றாள்; கணவனை மனிதனாக்குகின்றாள்; முடிவில் அக்குடும்பமே அவள் அருமையை உணர்கின்றது.

தமிழ்ப் படம் செய்த விகற்பங்கள் யாவை? அர்த்தாங்கியில் மூத்தவனாக நாகேசுவரராவும் இளையவனாக ஜக்கய்யாவும் நடித்தனர். தமிழில் அவ்விடங்களை ஜெமினி கணேசனும் சிவாஜி கணேசனும் கொண்டனர். மருமகளாக நடித்த சாவித்திரியும், சிற்றன்னையாக நடித்த சாந்தகுமாரியும் இரு படங்களிலும் அவரே. அஃதாவது, சகோதரர் இருவரும் மாறினர். பெண்டிர் இருவரும் மாறவில்லை. கதையின் உயிர் எங்கே உள்ளது என்பதை இயக்குநர் நன்கறிந்திருந்தார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பெயரில் நேர்ந்த விகற்பம் இன்னும் நுட்பமானது. ஸ்வயம்சித்தா என்றால் தானே தன் ஆற்றலால் நிறைவெய்தியவள் என்பது பொருள். அர்த்தாங்கி என்றாலோ கணவன் உடலிற் பாதியானவள். பஹுராணி என்பது வீட்டு மருமகள் என்னும் உறவுப் பெயர். தமிழ்ப் பெயர் மட்டுமே மனைவியென்றும் மருமகளென்றும் கூறாது, பெண் என்றே கூறி நிற்கின்றது. வழிநூல் சில வேளைகளில் தன் முதலைத் தாண்டி, அதன் முதலுக்கு அணித்தாகச் சென்றுவிடுதலும் உண்டு.

யாம் பிறந்தது நீலகிரியில், குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில். இரவல் என்னும் சொல்லைக் கேட்டு நாணவேண்டுமாயின், எம் மலை முழுவதுமே நாணுதல் வேண்டும். தேயிலை சீனத்துச் செடி; 1830களிற் கேத்தியிற் சோதனையாகப் பயிரிடப்பட்டது. உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவினது. கற்பூர மரமும் சீகையும் ஆஸ்திரேலியாவின. மாந்தரும் அவ்வாறே வந்தனர். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையினின்று திரும்பிய தமிழர்க்கு வாழ்வளித்ததும், அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களேயாம். எனினும், வந்தவை யாவும் ஒரு தன்மையன அல்ல. தேயிலை சோலைகளை அழித்தே இடம் பிடித்தது மெய். ஆயினும் அது பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றது. சீகையோ நட்ட எல்லையில் நில்லாமல், தோடர் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளிற் பரவி அவற்றை விழுங்கிற்று. ஆகவே, ஒரு செடியை நோக்கி, "எங்கிருந்து வந்தாய்?" என்று வினவுதலிற் பயனில்லை, "வந்து இம்மண்ணிற்கு என் செய்தாய்?" என்றே வினவுதல் வேண்டும். படத்தையும் அவ்வினாவால் அளப்பதே முறை.

அவ்வாறு அளக்க எமக்குக் கற்பித்தவர் எம் பாட்டியார். நாற்பதாண்டு கொழுந்து பறித்த கைகள் அவருடையவை; எழுத்தறியார். சென்ற மே விடுமுறையில் இப்படத்தை எம் லைன் வீட்டில் அவருடன் கண்டோம். கையிலிருந்த தேநீர் ஆறுவதும் அறியாது அவர் படத்தில் ஆழ்ந்திருந்தார். ஆந்திரத்துக் கதை என்றோ வங்கத்துக் கதை என்றோ ஒரு கணமும் எண்ணினாரில்லை. படம் முடிந்தபின் யாம் பெண்மையின் மாட்சி குறித்துச் சிறு சொற்பொழிவு தொடங்கினோம். பாட்டியார் இடைமறித்து, "அவன் தேறிட்டான், சரி கண்ணு. தேறாமப் போயிருந்தா இவ கதி என்ன?" என்றார்.

யாம் வாயடைத்துப்போனோம். அவ்வினா படத்தை நோக்கி மட்டும் எழுந்ததன்று என்பதை யாம் அறிவோம். எம் பாட்டனார் குடியினின்று மீளாமலே மறைந்தவர். பாட்டியார் காட்டிய பொறுமை, திரையிற் கண்ட பெண்ணின் பொறுமையிற் சிறிதும் குறைந்ததன்று. ஆயினும் எந்தக் குடும்பமும் கூடிநின்று அவர் பெருமையை உணர்ந்து போற்றியதில்லை. கணவன் திருந்தினாலன்றிப் பெண்ணுக்குப் பெருமை இல்லையென்றால், அவர் பெருமை எங்கே போயிற்று?

இப்படத்தின் மேன்மையை யாம் மறுக்கவில்லை. பேதைமையும் முரட்டுத்தனமும் பிறப்பில் வருவனவல்ல, வளர்ப்பில் வருவன என்பதை அது தெளிவுறக் காட்டிற்று: ஒரு மகனை அபின் கெடுத்தது, மற்றவனைச் செல்லம் கெடுத்தது. அறிவு கொளுத்தும் உரிமையை ஒரு பெண்ணின் கையில் வைத்ததும் அக்காலத்திற் சிறிய செயலன்று. எனினும், அவள் பெருமைக்கு அது வைத்த உரைகல் கணவனது மாற்றமே. பெயரளவிற் பெண்ணைத் தனித்து நிறுத்திய தமிழ், கதையளவில் அவளைப் பாதியாகவே விட்டுவிட்டது.

1956-ஆம் ஆண்டுப் படத்தை இன்றைய கண்கொண்டு பார்த்தல் தகுமோ என்று சிலர் வினவலாம். படம் பழையதாயினும் அதன் தீங்கான பகுதி பழையதாகிவிடவில்லை. "ஒரு கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான்" என்னும் பேச்சை இன்றும் நம் வீடுகளிற் கேட்கின்றோம். குடிப்பவனுக்கும், ஊதாரிக்கும், தன் கடமையறியாதவனுக்கும் மருந்தாக ஒரு பெண்ணைத் தேடிக்கொடுக்கின்றனர். மருந்து பலித்தால் பெருமை குடும்பத்திற்கு. பலியாவிடிற் பழி அவளுக்கு. அவனை வளர்த்தவர்கள் செய்யத் தவறிய வேலையை வந்தவள் தலையிற் சுமத்துதல் என்ன நீதி?

ஆதலின், நண்பர்காள்! அயல்மொழிக் கதைகள் தாராளமாக வருக. நம் அடுப்புகள் எரிக. ஆனால் விகற்பம் கூறும் உரிமையை நாம் கைவிடலாகாது. இக்கதையை இனி எவரேனும் மீண்டும் தமிழில் எடுப்பாராயின், எம் பாட்டியாரின் வினாவுக்கு விடை கூறிவிட்டு எடுப்பாராக. படமெடுக்கும் ஆற்றல் இல்லாத நாமோ, நாளை நம் வீட்டில் ஒரு தம்பிக்குக் கால்கட்டுப் போடும் பேச்சு எழும்போது, அவ்வினாவை வாய்திறந்து கேட்போமாக. தமிழ் மன்றத்தில் எழுந்து நில்லாத யாம், அங்கேனும் எழுந்து நிற்பதாக உறுதி பூண்டுள்ளோம்.