மூளைவாதக் குழந்தைகளும் இரண்டு வைத்தியங்களும்

பரங்கிப்பேட்டை முதல் சிதம்பரம் வரையிலுள்ள பிரதேசத்தில், கழுத்து நிற்காத குழந்தையை இடுப்பில் சுமந்து செல்லும் தாய் முதலில் தைலம் தேய்த்து நீவி விடுபவரிடம் போகிறாள். பிறகு தர்காவுக்கோ கோவிலுக்கோ போகிறாள். வயது இரண்டோ மூன்றோ ஆன பின்பே ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். அங்கே, தைலத்தைப் பற்றி அவள் வாய் திறந்தால் ஏளனம். இங்கே, ஆஸ்பத்திரி மாத்திரையைப் பற்றிச் சொன்னால் அதை நிறுத்தும்படி உத்தரவு. இவ்விரு வைத்தியரும் ஒருவரையொருவர் ஒரு நாளும் சந்திப்பதில்லை. இரண்டு வைத்தியமும் ஒன்று கூடும் இடம் அந்தத் தாயின் இடுப்பு ஒன்றுதான். இந்த நிலைமை மாற வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் நோயின் இயல்பைத் தெளிந்து கொள்வது அவசியம். கருவிலோ, பிரசவ வேளையிலோ, சிசுப் பருவத்திலோ மூளைக்கு நேரும் சேதமே இதற்குக் காரணம். குறைமாதப் பிறப்பு, மூச்சுத் திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் முதலியவற்றால் இது விளையலாம். உலகத்தில் ஆயிரம் பிரசவங்களுக்குச் சுமார் இரண்டு மூன்று குழந்தைகள் இவ்விதம் பாதிக்கப்படுவதாகக் கணக்கு. லிட்டில் என்னும் ஆங்கில ரண வைத்தியர் 1862-ம் வருஷத்திலேயே இதைப் பிரசவ விபத்துக்களோடு தொடர்புபடுத்தி எழுதினார். ‘வாதம்’ என்னும் ஒரே சொல்லால் ஜனங்கள் இதை இளம்பிள்ளை வாதத்தோடு சேர்த்துக் குழப்புவது சகஜம். அது கிருமியால் வருவது. சொட்டு மருந்தால் நம் தேசத்தை விட்டு ஒழிந்தது. இதுவோ தொற்று நோயன்று. மூளையில் நேர்ந்த சேதத்தை அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர எந்த வைத்தியத்தாலும் இன்று இயலாது. ஆனால் அந்தச் சேதத்தின் பலனாகத் தசை இறுகுவதும், மூட்டு மடங்கிப் போவதும், இடுப்பெலும்பு நழுவுவதும் வருஷக்கணக்கில் மெல்ல நடப்பவை. அவற்றில் பெரும் பகுதியைத் தடுக்கலாம், தணிக்கலாம். ஆகவே முதல் இரண்டு வருஷங்களை வீணாக்குவதே பெரிய நஷ்டம்.

சுதேச வைத்தியத்தை அலட்சியம் செய்தார்கள் என்று அன்னிய ஆட்சியின் மீது நாம் குறை கூறியது நியாயமே. சென்னை சர்க்கார் 1921-ம் வருஷம் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு கமிட்டியை நியமித்தது. அதன் அறிக்கை 1923-ல் வெளிவந்தது. அதன் பயனாகச் சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளியும் ஏற்பட்டது. பின்பு பாளையங்கோட்டையில் சித்த வைத்தியக் கல்லூரி, 2005-ல் தாம்பரத்தில் தேசிய சித்த நிறுவனம். எனவே அந்தப் பழைய குறையை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது நமக்கு அழகன்று. நிரூபிக்கும் பொறுப்பு இப்பொழுது நம்முடையது.

சித்த வைத்தியத்தின் தொக்கணம், ஒற்றடம், வர்மம் ஆகியவற்றால் இறுகிய தசை தற்காலிகமாகத் தளர்வதும், குழந்தை அமைதியாகத் தூங்குவதும் தாய்மார் நேரில் காண்பவை. அதனால் மட்டும் குழந்தை எழுந்து நடக்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. உண்மையில், பிறர் கையால் செய்யப்படுவது எதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆஸ்பத்திரியில் காலை நீட்டி மடக்கி விடுவதற்கும் இது பொருந்தும் என்று மேனாட்டு ஆராய்ச்சியே கூறுகிறது. குழந்தை தானே முயன்று, ஒரு காரியத்தை நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்து பழகுவதில்தான் பலன் தெரிகிறது. ஆகையால் எண்ணெய் தேய்த்து உடல் தளர்ந்திருக்கும் அந்த அரை மணி நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும்? அப்பொழுதே உட்கார வைத்து, கிலுகிலுப்பையைக் கை நீட்டிப் பிடிக்கச் செய்து, சாய்ப்பலகையில் நிற்கச் செய்யலாமே! பாட்டியின் கையையும் பயிற்சியாளரின் கணக்கையும் ஒன்று சேர்க்க இதைவிட நல்ல வழி நமக்குத் தோன்றவில்லை.

ஆனால் இணைப்பு என்ற பெயரால் எதையும் அனுமதிக்கலாகாது. மூக்கில் எண்ணெய் விடுவதும், படுக்க வைத்துச் சங்கால் பால் புகட்டுவதும், விழுங்கத் திணறும் குழந்தைக்கு நுரையீரல் நோயை உண்டாக்கும். நிற்காத குழந்தையின் எலும்பு பலஹீனமானது. முரட்டுப் பிடியால் முறியும். ரசமும் ஈயமும் கலந்திருக்கக்கூடிய பற்பம், செந்தூரங்களைச் சோதனையின்றிக் கொடுப்பது வளரும் மூளைக்கு மற்றொரு சேதம். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தச் சொல்லுகிறவர் எந்த முறையைச் சேர்ந்தவராயினும் உயிருக்கு உலை வைப்பவர். பக்கவாதம், வலிப்பு முதலியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இருக்கிறது, சுவரெங்கும் விளம்பரமும் இருக்கிறது!

செய்ய வேண்டியது பிரமாதமான காரியமன்று. அண்ணாமலை சர்வகலாசாலையின் வைத்தியக் கல்லூரி 2021-ல் சர்க்கார் சுகாதார இலாகாவின் கீழ் வந்துவிட்டது. சித்த வைத்தியர்களும் சர்க்கார் சம்பளம் வாங்குகிறார்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே அறையில், குழந்தை வைத்தியர், உடற்பயிற்சி நிபுணர், சித்த வைத்தியர் மூவரும் உட்காரட்டும். குழந்தைக்கு ஒரே நோட்டுப் புஸ்தகம் இருக்கட்டும். மூவரும் அதிலேயே எழுதட்டும். ஆறு மாதத்துக்கொரு முறை, எவ்வளவு நேரம் உட்காருகிறது, இடுப்பு மூட்டு எப்படி, வலிப்பு எத்தனை, இரவில் தூக்கம் எப்படி என்று அளந்து, பலனை நல்லதாயினும் கெட்டதாயினும் பிரசுரிக்கட்டும். மூளைவாதத்தை 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் பெயர் சொல்லியே ஏற்றிருக்கிறது. ஆகவே இதைத் தருமமாக யாசிக்க வேண்டிய அவசியமில்லை.

பரங்கிப்பேட்டைக் கரையோர ஜனங்களில் பல குடும்பங்களில் ஆண்கள் கடலிலோ, கடல் கடந்த தேசங்களிலோ இருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் வேலை பெண்களுடையது. ஆதலால் மாதத்தில் ஒரு நாளாவது அந்த மூவரும் அதே நோட்டுப் புஸ்தகத்தோடு பரங்கிப்பேட்டைக்கே வர வேண்டும். ஜில்லா கலெக்டர் இதற்கான தேதியைக் குறிப்பாராக.