சொற்பட்டியல் வாங்கிக் கொடுத்தால் போதுமா?



வெளிநாட்டில் முதுமாணி படிக்க ஜீ.ஆர்.ஈ. பரீட்சை எழுதப்போகும் நம் பட்டதாரிகளுக்கு ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்களைப் பாடமாக்கக் கொடுத்து ரியூஷன்காரர்கள் காசு வாங்குகிறார்கள். நாமும் கொடுக்கிறோம்.

2011 ஆகஸ்டிலேயே அந்தப் பரீட்சையில் எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். இப்போது சொல்லை வசனத்துக்குள் வைத்துத்தான் கேட்கிறார்கள். மொழிப் பகுதியில் 27 கேள்விகள், 41 நிமிடம். ஏறக்குறையப் பாதி, பந்தியை வாசித்து விளங்க வேண்டியவை. வாசித்துப் பழகாதவருக்குப் பட்டியல் என்ன செய்யும்?

ஹிப்ழு மத்ரஸாவில் நாளும் புதுப் பாடம் கொடுத்து, பழைய பாடத்தையும் கேட்கிறோம். கடைசி மாதத்தில் முப்பது ஜுஸ்உவையும் திணிப்பதில்லை. ஆங்கிலத்துக்கு மட்டும் ஏன் குறுக்குவழி? 1990இல் துரத்தப்பட்டு, புத்தளம் முகாம்களில் படிப்பைக் கைவிடாதவர்கள் நம்மில் எத்தனை பேர்!

நாம் கேட்பது இதுதான். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் பள்ளிவாசலில் அரை மணி நேரம், ஓர் ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுரை. தெரியாத சொல்லை அதன் வசனத்தோடு கொப்பியில் எழுத வேண்டும். மறுநாள் அதே சொல்லில் சொந்த வசனம். பெண் பிள்ளைகளுக்குப் பின்னேரத்தில் பாடசாலை வகுப்பறையைத் திறப்போம்.

இதற்குப் பெரிய செலவில்லை. நிர்வாகத்தினர் இந்த ஜும்ஆவுக்குள் பதில் சொல்லட்டும்.