எங்கே போட்டிருக்கு?

பூதலூரில் எனக்குத் தெரிந்த வீட்டில், போன தையில், பெற்ற மகனையே மாட்டுக் கொட்டகையில் படுக்க வைத்திருந்தாள் ஒரு கிழவி. அவனுக்குக் காசம். தட்டு வேறு, தம்ளர் வேறு. அவனுடைய ஐந்து வயசுப் பெண் கிட்டே போனால் பாட்டி இழுத்துக்கொள்வாள். மாத்திரை மட்டும் சர்க்கார் ஆஸ்பத்திரியிலிருந்து தவறாமல், காசில்லாமல் வருகிறது. சாப்பிட ஆரம்பித்து இரண்டு மாசமாகிவிட்டது. சளியில் கிருமி இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

"குழந்தையை ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிட்டு, இவனை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் அம்மா. தட்டிலும் தம்ளரிலும் இது ஒட்டாது" என்றேன்.

கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கே தம்பி அப்படிப் போட்டிருக்கு?" என்றாள்.

போட்டிருக்கிறது. 1956-ல் சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும், ராஜ்ய சர்க்காரும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சேர்ந்து ஒரு நிலையம் ஆரம்பித்தன. 193 ஏழை நோயாளிகளைச் சீட்டுப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாராருக்குச் சானடோரியம்: நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள சாப்பாடு. மற்றவர்களுக்கு நெரிசலான சொந்த வீடு, அரைவயிற்றுக் கஞ்சி. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959-ல் முடிவு வந்தது. நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. குடும்பத்தாரையும் ஐந்து வருஷம் கவனித்தார்கள். நோயாளியை வீட்டிலேயே வைத்துக்கொண்டதால் அவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் காலியானதற்கு இந்தச் சென்னை ஏழைகள் பெரிய காரணம்.

அவர்கள் கொடுத்த முடிவு எங்கே அச்சாயிற்று? உலக சுகாதார ஸ்தாபனத்தின் பத்திரிகையில், இங்கிலீஷில். கிழவியிடம் நீட்டுவதற்கு என் கையில் தமிழில் ஒரு தாள் இல்லை.

"டாக்டர் படித்துக்கொண்டு மருந்து கொடுத்தால் போதாதா? கிழவிக்கு எதற்கு ஆராய்ச்சி?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் டாக்டர் அல்ல. காலேஜில் இரண்டு வருஷம் மட்டும் படித்த கதைக்காரன். ஆனாலும் சொல்கிறேன், போதாது. மாத்திரை அவன் நெஞ்சைக் கவனித்துக்கொள்ளும். அவனைக் கொட்டகையில் தள்ளிய பயத்துக்கு எந்த ஆஸ்பத்திரியில் மருந்து? அது சேதியால்தான் தீரும். மாத்திரை பூதலூர் வரை வந்துவிட்டது, சேதி வரவில்லை.

காசத்துக்கு மட்டுமல்ல. மனநோயாகட்டும், சர்க்கரை வியாதியாகட்டும், ஊரில் ரத்தமும் சளியும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள், வீட்டுக் கஷ்டங்களைக் கேட்டு எழுதிக்கொண்டு போகிறவர்கள், கண்ட முடிவை அதே தெருவில் திரும்பி வந்து தமிழில் சொல்லவேண்டும். அதைத் தர்மமாகச் செய்யவேண்டாம். வாங்கியதற்குக் கணக்குக் கொடுப்பதாகச் செய்யட்டும்.

ஆறு மாச மருந்து முடிந்தால் அவன் எழுந்துவிடுவான். அதுவரை அப்பன் மடி இல்லாமல் நிற்கிற குழந்தைக்கு யார் பதில் சொல்வது?